பணம் முன்னதா, பொருள் முன்னதா

இணையத்தில் விளம்பரம் பார்த்துப் பழைய பொருள்களை வாங்குவதும் விற்பதும் எனக்கு நெடுநாள் பழக்கம் என்பதால், உறவினர்களும் நண்பர்களும் எதையாவது விற்க நினைக்கும்போது என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் முதலில் எழுப்பும் கேள்வி, "முன்பின் தெரியாத ஆளை எப்படி நம்புவது?" என்பதுதான். ஆள் எப்படிப்பட்டவர் என்று ஆராய்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பணம் முதலில் போகிறதா, பொருள் முதலில் போகிறதா, இரண்டும் ஒரே நேரத்தில் கைமாறுகின்றனவா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தள்ளுவண்டியில் காய் விற்பவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனாலும் காய் பைக்குள் விழும்போதே காசு அவர் கைக்குப் போய்விடுவதால் அங்கே நம்பிக்கை என்ற பேச்சே எழுவதில்லை. இணைய மோசடிகளில் நான் கேள்விப்பட்டவை, என்னிடமே முயன்று பார்க்கப்பட்டவை எல்லாவற்றிலும், பணத்துக்கும் பொருளுக்கும் நடுவே ஓர் இடைவெளியை உண்டாக்குவதே ஏமாற்றுபவரின் முழு வேலையாக இருந்திருக்கிறது.

இந்த இடைவெளியைச் சமாளிக்க இரண்டு வழிகள் 1995ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் ஒரே வட்டாரத்தில் தோன்றின. சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் தம் நண்பர்களுக்கு உள்ளூர் நிகழ்ச்சிகளைப் பற்றி அனுப்பத் தொடங்கிய மின்னஞ்சல், பின்னர் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளமாக வளர்ந்தது. அங்கே தளத்தின் வேலை விளம்பரத்தோடு முடிந்துவிடும். விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஊர்க்காரர்கள். நேரில் சந்தித்து, பொருளைப் பார்த்து, ரொக்கம் கொடுத்து எடுத்துக்கொண்டு போவார்கள். இடைவெளியே இல்லாமல் செய்துவிடுவது இந்த வழி. அதே ஆண்டில் சான் ஹோசேயில் பியேர் ஒமிட்யார் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதுதான் பிறகு ஈபே ஆயிற்று. அதில் ஆரம்பத்தில் விலைபோனவற்றுள் ஒன்று, 14.83 டாலருக்கு ஏலம் போன ஒரு பழுதான லேசர் பாயிண்டர். அது வேலை செய்யாது என்பது உங்களுக்குப் புரிந்ததா என்று ஒமிட்யார் கேட்டபோது, பழுதான லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பதே தம் வழக்கம் என்று வாங்கியவர் பதில் சொன்னாராம். ஈபேயில் வாங்குபவர் ஒரு மூலையிலும் விற்பவர் இன்னொரு மூலையிலும் இருந்ததால் இடைவெளியைத் தவிர்க்க முடியவில்லை. எனவே 1996இல், ஒருவரைப் பற்றி மற்றவர் கருத்து எழுதி வைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்து, அந்த இடைவெளியில் நற்பெயரை நிறுத்தினார்கள். கெட்ட பெயர் வந்தால் அடுத்த வியாபாரம் நடக்காது என்ற பயமே அங்கே காவல்.

இந்தியாவுக்கு இரண்டு வழிகளும் வந்தன. பாஸீ என்ற உள்ளூர் ஏலத் தளத்தை ஈபே 2004இல் வாங்கி, இங்கே கடை விரித்தது. அதில் பைசாபே என்றொரு ஏற்பாடு இருந்தது: வாங்குபவர் கட்டிய பணம் நேராக விற்பவரிடம் போகாது, பொருள் வந்து சேரும்வரை நடுவிலேயே நிற்கும். முகம் தெரியாத இருவருக்கு இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஈபேயின் இந்தியத் தளம் 2017இல் ஃபிளிப்கார்ட்டின் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. நிலைத்து நின்றது கிரெய்க்ஸ்லிஸ்ட் வழிதான். 2006இல் தொடங்கிய ஓஎல்எக்ஸ், 2008இல் வந்த குவிக்கர், அதன் பிறகு வந்த ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் எல்லாமே, விளம்பரத்தைப் போடுங்கள், மற்றதை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்ற அடிப்படையில் மக்களிடம் வேரூன்றியவை.

நேரில் பார்த்து ரொக்கம் கொடுக்கும் வரையில் அந்த வழியில் பெரிய குறையில்லை. 2016இல் யுபிஐ வந்தபோது நிலைமை மாறியது. சென்னையில் இருப்பவர் ஜெய்ப்பூரில் இருப்பவருக்கு ஒரு நொடியில் பணம் அனுப்பலாம் என்றானதும், உள்ளூர் விளம்பரத் தளத்தில் வெளியூர் வியாபாரம் நடக்கத் தொடங்கிற்று. ஆனால் அதற்கு வேண்டிய நற்பெயர்ப் பதிவும் கிடையாது, பணத்தை நடுவில் நிறுத்திவைக்க ஒருவரும் கிடையாது. ஏமாற்றுபவர்கள் குடியேறியது இந்த வெற்றிடத்தில்தான்.

அவர்களின் வேலை எப்படி இருக்கும் என்பதை நான் ஓர் எழுதுமேசையை விற்க முயன்றபோது அருகிலிருந்து பார்த்தேன். விளம்பரம் போட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தியில் ஓர் அழைப்பு. நான் தடுமாறியதும் ஆங்கிலத்துக்கு மாறினார். தாம் ராணுவத்தில் இருப்பதாகவும், பரங்கிமலைக்கு மாற்றலாகி வருவதாகவும், குடியிருப்புக்கு மேசை வேண்டும் என்றும், விலை சரிதான் என்றும் சொன்னார். சென்னையில் பழைய பொருள் விற்ற எவருக்கும் இந்த இடத்தில் சந்தேகம் வந்துவிட வேண்டும், ஏனென்றால் இங்கே பேரம் பேசாமல் யாரும் எதையும் வாங்குவதில்லை. அடுத்த நிமிடமே சீருடையில் ஒருவர் இருக்கும் படமும், ஓர் அடையாள அட்டையின் படமும், கேன்டீன் அட்டையின் படமும் வாட்ஸ்அப்பில் வந்தன. நான் எதையும் கேட்கவில்லை. பிறகு ஒரு ரூபாய் அனுப்பி, "வந்துவிட்டதா, பாருங்கள்" என்றார், வந்திருந்தது. மேசையை எடுத்துப்போக ஆள் வருவார், அதற்குள் முழுத் தொகையையும் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி, ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பினார். அதை ஸ்கேன் செய்து பின் எண்ணை அழுத்தினால் பணம் என் கணக்கில் ஏறிவிடுமாம்.

பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண்ணை அழுத்தவும் வேண்டாம். பின் என்பது நம் கணக்கிலிருந்து பணம் போவதற்கான கையெழுத்து. இதை வங்கிகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகின்றன, குறுஞ்செய்தியாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் ஒரு ரூபாய் உண்மையாகவே வந்து விழுந்த பிறகு, அந்தக் குரல் அவசரப்படுத்திக்கொண்டே இருக்கும்போது, படித்தவர்களுக்கும் அது மறந்துபோகிறது. எதிராளி 'பணம் வேண்டும்' என்று கோரிக்கை அனுப்பி, நம்மை ஒப்புதல் அழுத்த வைப்பது இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தந்திரம். தனிநபர்களுக்கிடையே அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியையே, யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. பல ஆண்டுகள் முன்னதாகவே செய்திருக்கலாம் என்பது என் எண்ணம். நான் அந்தக் குரலிடம், எடுத்துப்போக வருகிறவர் கையிலேயே பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள் என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. ராணுவத்தின் பெயரை இவர்கள் பயன்படுத்துவதற்குக் காரணம் நம் மரியாதை மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். 'மாற்றலாகிப் போகிறேன்', 'முகாமுக்குள் வெளியாரை விட மாட்டார்கள்' என்று சொன்னால், நேரில் வரமுடியாததற்கு ஒரு காரணம் கேள்வியில்லாமல் கிடைத்துவிடுகிறது. இவர்களே விற்பவராக வேடமிடும்போது, விமான நிலையத்தில் நிற்கும் வண்டியை மலிவு விலைக்குக் கொடுக்கிறேன், அனுப்பும் செலவுக்கு மட்டும் முன்பணம் போடுங்கள் என்பார்கள். கதை மாறினாலும் இடைவெளி அதேதான்.

பணம் போய்விட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. மறுநாள் காலையில் வங்கிக் கிளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இனி நேரில் சந்திக்கும் வியாபாரத்துக்கு வருகிறேன். அங்கே பண இடைவெளி இல்லை; ஆனால் வேறோர் இடைவெளி இருக்கிறது. பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அமெரிக்காவின் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து, பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வண்டியையும் ஓட்டை வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது அவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க வரமாட்டார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும் என்பது அவர் வாதம். அவருக்கு 2001இல் பொருளாதார நோபல் கிடைத்தது. பழைய கேமரா லென்ஸ்களைத் தேடி அலைபவன் என்ற முறையில் இந்த வாதத்தை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு: பிரித்தறியக் கற்றுக்கொள்ளலாம்.

சென்னையில் பழைய லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. கடல் காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரமும் போதும். தோல் பைக்குள் போட்டு பீரோவில் பூட்டிவைத்த லென்ஸின் உட்கண்ணாடியில் பூஞ்சை படர்ந்துவிடும். வெளிச்சத்தில் சாதாரணமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸின் ஒளித்துளையை (அபெர்ச்சர்) முழுவதும் திறந்து வைத்து, கைபேசியின் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாகப் பார்த்தால், கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல்போல் வெள்ளை இழைகள் தெரியும். தொடக்க நிலையில் துடைத்து எடுக்கலாம். நாள்பட்டால் அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். அடுத்தபடியாகத் துளையின் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்றும், பின்பக்கத் திருகாணிகளின் தலை சிதைந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். திருகாணித் தலையில் கீறல் இருந்தால் யாரோ சரியான கருவி இல்லாமல் திறந்திருக்கிறார் என்று பொருள். "திறந்ததே இல்லை சார்" என்று சொல்பவரிடம் அந்தக் கீறலைக் காட்டினால், விலை தானாகவே இறங்கும்.

பெரம்பூரில் ஒரு முதியவர் பென்டாக்ஸ் கே1000 கேமராவை விற்பனைக்கு வைத்திருந்தார். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 1976 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உற்பத்தியில் இருந்த கேமரா அது. அதன் ஒளிமானிக்கு ஆன், ஆஃப் விசை கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் மின்கலம் தீராது. மூடியில்லாமல் கிடந்திருந்தால், தீர்ந்துபோன மின்கலம் அடிப்பகுதியில் கசிந்து பச்சை பூத்திருக்கும். நான் அடிப்பக்கத்து மூடியைக் கழற்ற ஒரு நாணயத்தைத் தேடிக்கொண்டிருக்கையில், அவரே ஐம்பது பைசா ஒன்றை எடுத்து நீட்டி, "பாருங்க தம்பி, பாக்காம வாங்கக் கூடாது" என்றார். உள்ளே சுத்தமாக இருந்தது. பின்கதவைத் திறந்தபோது, ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சுப் பட்டை மட்டும் உருகித் தார்போல் விரலில் ஒட்டியது. அந்த வயதுக் கேமராக்களில் அது இயல்பு, மாற்றிவிடலாம். அவர் அதையும் விளம்பரத்திலேயே எழுதியிருந்தார். அப்படிப்பட்டவரிடம் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. அவரோ எதிர்பார்த்திருந்தார் போலும், நான் கேட்காமலேயே இருநூறு ரூபாயைத் திருப்பித் தந்து, "ஆட்டோவுக்கு வச்சுக்கோங்க" என்றார்.

வீட்டுச் சாமான்களில் சென்னைக்காரர்கள் பார்க்க வேண்டியது தண்ணீர்க் கோடு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும், தண்ணீரில் நின்ற பொருள்கள் துடைத்து, வண்ணம் அடித்து விற்பனைக்கு வந்தன. இரும்பு பீரோ என்றால் அடித்தட்டைத் தடவிப் பாருங்கள். கால்களின் உட்புறத்தில் துரு ஏறியிருக்கும், அங்கே யாரும் வண்ணம் அடிப்பதில்லை. கார் என்றால் இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை அப்படியே இருக்கும். பீரோவை வாங்குவதற்கு முன்னால் நம் வீட்டு மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துவிட வேண்டும் என்பதையும், குட்டி யானை வாடகையையும் ஏற்றி இறக்கும் கூலியையும் சேர்த்தால் புதியதன் விலையை நெருங்கிவிடுமா என்று கணக்குப் போட வேண்டும் என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கைபேசியைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்கிறேன். *#06# என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண், வரும். கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது திருட்டுப்போனதாகத் தடை செய்யப்பட்ட கருவியா என்று தெரிந்துவிடும். ஐபோன் என்றால், விற்பவர் தம் கணக்கிலிருந்து உங்கள் கண்முன்னே வெளியேறிக் கருவியை அழித்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம் என்று அவர் சொன்னால், அதுவும் ஓர் இடைவெளிதான்.

இருசக்கர வண்டியில்தான் படித்தவர்களும் அசட்டையாக இருப்பதைப் பார்க்கிறேன். பணம் வந்தாயிற்று, சாவி கொடுத்தாயிற்று, முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே கைமாற வேண்டிய மூன்றாவது பொருள் ஒன்று இருக்கிறது. அது பதிவுச் சான்றிதழில் உள்ள பெயர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் பதினான்கு நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி பல கைகள் மாறிய பின்பும் பெயர் மாற்றப்படாமல் இருந்த ஒரு வழக்கில், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. வண்டியைப் பார்த்தே பல ஆண்டுகள் ஆனவர் தலையில் அந்தச் சுமை விழுந்தது. என் ஸ்கூட்டரை வாங்க வந்த இளைஞர் நல்லவராகத்தான் தெரிந்தார். ஆனால் பெயர் மாற்றத்துக்கான 29ஆம் படிவத்தையும் 30ஆம் படிவத்தையும் நான் எடுத்து வைத்ததும், "பேர் மாத்துறதெல்லாம் மெதுவா பாத்துக்கலாம் சார், இப்ப லீவ் கெடைக்காது" என்றார். அவர் பேசியிருந்த விலையில் ஆயிரம் ரூபாயை நானே குறைத்துக்கொள்கிறேன், பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த ரசீதோடு வந்து சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், அதுவரை மீதிப் பணமும் உங்களிடமே இருக்கட்டும் என்றேன். விடுப்பு கிடைத்துவிட்டது. ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று மாலையே அவர் சிக்னலை மீறியிருந்தால் அபராதச் சீட்டு என் பெயருக்குத்தானே வந்திருக்கும்!

விற்பவரின் பொறுமையைச் சோதிப்பது மோசடிக்காரர்களைவிட நேரம் போக்குபவர்கள்தான். "லாஸ்ட் எவ்ளோ?" என்ற இரண்டே சொற்களோடு வருபவர்கள், பாதி விலையைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் மறைபவர்கள், "தாம்பரம் வந்துட்டேன் அண்ணா, அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டு இன்றுவரை தாம்பரத்திலேயே இருப்பவர்கள் என்று பலவிதம். இவர்களைக் குறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, பொருளின் குறையைப் படத்திலேயே காட்டிவிடுவது. பகல் வெளிச்சத்தில் கீறலை நெருக்கமாக எடுத்து முதல் படமாகவே போட்டுவிட்டால், வருகிற அழைப்புகள் பாதியாகக் குறையும். ஆனால் வருகிறவர்கள் வாங்கும் எண்ணத்தோடு வருவார்கள், வந்தபின் அந்தக் கீறலைச் சுட்டிக்காட்டி விலையைக் குறைக்கவும் முடியாது. சந்திக்கும் இடத்தை மெட்ரோ நிலையத்தின் வாசலிலோ தேநீர்க் கடையிலோ வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. வீட்டுக்கு வர வேண்டிய பெரிய சாமான் என்றால், வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்வேன். பணம் வந்துவிட்டதாக அவர் கைபேசியைத் திருப்பிக் காட்டும் படத்தை நான் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் அப்படிப் பொய்த் திரை காட்டும் செயலிகள் புழக்கத்தில் இருக்கின்றன. என் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுப்பேன். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்பவர்களும் உண்டு, கோபித்துக்கொள்ளட்டும்.

வெளியூர் வியாபாரம் அறவே கூடாதா என்றால், அப்படியும் சொல்லமாட்டேன். நம் ஊரில் பதிப்பகத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டு வி.பி.பி.யில் புத்தகம் வரவழைத்த தலைமுறைக்கு இது புதிதல்ல. தபால்காரர் பொட்டலத்தை நீட்டும்போதுதான் பணம் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது சரியான புத்தகமா என்பதைப் பிரித்துப் பார்த்தே அறிய முடியும் என்றாலும், அனுப்புவது பதிப்பகம் என்பதால் அந்த இடத்தில் நற்பெயர் காவல் காத்தது. இன்றைக்குப் பழைய கேமரா, பேனா, கடிகாரம் சேர்ப்பவர்களின் குழுக்களில் ஏறக்குறைய அதே ஏற்பாடு நடக்கிறது. நெடுநாள் உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்றுச் சொன்னால்தான் புதியவரிடம் பணம் அனுப்புவார்கள், ஏமாற்றியவரின் பெயர் அன்றைக்கே எல்லாக் குழுக்களிலும் சுற்றிவிடும். அந்தக் குழுக்களில் நான் தயங்காமல் முன்பணம் அனுப்பியிருக்கிறேன். பொது விளம்பரத் தளத்தில் வந்த அந்நியருக்கு அனுப்ப மாட்டேன், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும்.

இப்போது ஒரு 50 எம்எம் லென்ஸை விற்பனைக்கு வைத்திருக்கிறேன். ஓரத்தில் பூஞ்சையின் தொடக்கம் இருக்கிறது. அதை முதல் படத்திலேயே போட்டிருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து ஒருவர், முழுப் பணத்தையும் இன்றே அனுப்பிவிடுகிறேன், கூரியரில் போட்டுவிடுங்கள் என்கிறார். எனக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் சென்னையில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொன்னேன். அவருடைய மைத்துனர் வேளச்சேரியில் இருக்கிறாராம், சனிக்கிழமை வருகிறார். லென்ஸைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதால், டார்ச்சை எந்தப் பக்கம் பிடித்து எந்தப் பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்று திருநெல்வேலிக்காரருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.